ஆவுடையப்பன் பாசியில் எண்ணெய் எடுத்த கதை

தாழம்மடை சமையல் கோஷ்டியில் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளைதான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது சும்மா ஏத்திச் சொல்வது. அவ்வளவெல்லாம் கிடையாது.

தலைமைத் தவசுப்பிள்ளை ஆவுடையப்பன். ஐந்நூறு இலைக்குச் சாம்பார் வை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வைப்பார். காய் நறுக்கக் குத்தாலம், அடுப்புப் பார்க்க மூக்காண்டி, பந்தி பரிமாறத் தாணு. கைப்பக்குவத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அடுப்படியைத் தாண்டி வெளியே ஒரு எட்டு வைத்தால்தான் வம்பு.

அந்த வம்பு தாங்காமல்தான் ஆவுடையப்பனின் மனைவி பிரமு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. “பால் காய்ச்சி வச்சிருக்கேன், பூனைய அடுக்களைக்குள்ள வர விட்டுராதீங்க” என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். பூனை எதற்கு அடுக்களைக்குள் வருகிறது? பாலுக்குத்தானே? ஆவுடையப்பன் நன்றாக யோசித்துப் பால் சட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார். பூனை அடுக்களைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

பிரமு திரும்பி வந்தபோது சட்டி கழுவி வைத்த மாதிரி இருந்தது.

“பாத்தியா, ஒரு தடவைகூட உள்ள வரல” என்றார் ஆவுடையப்பன், பெருமை தாங்காமல்.

பிரமு நேராக உள்ளே போனாள். பெட்டியை எடுத்தாள். வாசல்படியில் நின்று, “அடுப்படி வேலை இல்லாம வேற ஒரே ஒரு வேலைய, ஒண்ணே ஒண்ண, ஒழுங்கா முடிச்சுக் காட்டுங்க. அன்னைக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பிரமு ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். தாழம்மடையிலேயே விவரமான பொம்பளை என்று பெயர் வாங்கியவள்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் பட்ட பாடு இருக்கிறதே, பகையாளிக்கும் வரக்கூடாது. அவருக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. அவர் கை அறிந்த மிகச் சின்ன அளவு ஐம்பது இலை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு ரசம் வைத்தாரானால் அதை மூணு நாள் வைத்துக் குடிக்க வேண்டியிருந்தது. அந்த அண்டாவுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து குடிக்கும்போது அவருக்கு அழுகை அழுகையாக வரும்.

இப்படி இருக்கையில்தான் கல்யாண மண்டபத்தில் ஒரு முகூர்த்தம் வந்தது. பெண்ணுக்குக் காலேஜில் பாடம் சொல்லிக்கொடுத்த எஸ்தர் மேடமும் வந்திருந்தார்கள். வந்த சனமெல்லாம் பெண் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கை கழுவப் பின்பக்கம் போன மேடம் மட்டும் சாக்கடைக் குழியைப் பார்த்தபடி வாயைப் பிளந்து நின்றார்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் முழுக்க அந்தக் குழியில்தான் தேங்கும். பச்சைப் பசேலென்று நிறைந்து கிடந்தது.

ஆவுடையப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “ரெண்டு நாள்ல அள்ளிருதோம் மேடம்.”

“ஐயோ, அள்ளிராதீங்க! இது என்னன்னு தெரியுமா? பாசி. இதுக்குள்ள எண்ணெய் இருக்கு.”

“தாளிக்கவா மேடம்?”

“எஞ்சின் ஓட்டுறதுக்கு.”

மேடம் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார்கள். கழுவுகிற தண்ணீரில் உள்ள சத்தைத் தின்றே பாசி வளர்ந்துவிடும். அதற்காக ஒரு வயலை அழிக்க வேண்டாம், நல்ல தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். உள்ளே இருக்கிற எண்ணெயை எடுத்துப் பக்குவம் செய்தால் டீசல் மாதிரி எரியும். எண்ணெய் போக மிஞ்சுகிற சக்கை மீனுக்குத் தீவனம், தென்னைக்கு உரம். தெளிந்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடலாம். ஒரு பொட்டு வீணாகப் போகாது. மேடத்தின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு தொட்டி கட்டித் தருவார்கள். ஒரு மாதம் பார்த்துக்கொள்ள நாலு பேர் வேண்டும்.

ஆவுடையப்பன் அன்றைக்குச் சாயங்காலமே பிரமுவுக்குப் போன் போட்டார். “பிரமு, ஒரு வேலை கெடைச்சிருக்கு. அடுப்படி வேலை இல்ல. சாக்கடைல எண்ணெய் எடுக்கப் போறேன்.”

அந்தப் பக்கமிருந்து பிரமு சொன்னாள்: “அந்த எண்ணெயில நம்ம வீட்டு வாசல்ல ஒரு விளக்கு எரியட்டும். எரியுத விளக்க என் கண்ணால பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள கால் வைப்பேன்.”

மண்டபத்துக்குப் பின்னால் தொட்டி எழும்பியது. கழுவின தண்ணீரை நிரப்பி, ஒரு பாட்டிலில் கொண்டுவந்த விதைப்பாசியை மேடம் ஊற்றினார்கள். செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பந்தியில் எந்த இலைக்கு மோர், எந்த இலைக்கு ரெண்டாவது பாயசம் என்று நினைவில் வைத்திருக்கிற தாணு, மேடம் சொன்னதை ஒரு வரி பிசகாமல் மனசில் வாங்கிக்கொண்டான். அதுதான் கெடுத்தது.

“நல்லா வெயில் படணும், தொட்டி மேல நிழல் விழாமப் பாத்துக்கணும்னு சொல்லியிருக்காங்க” என்றான் தாணு, மேடத்தின் கார் தெரு முனை திரும்பியதும்.

நாலு பேரும் தொட்டிக்கு நாலு பக்கமும் நின்று காவல் காத்தார்கள். ஒரு நிழல் வரட்டும் பார்ப்போம் என்று இடுப்பில் கை வைத்துக் குனிந்து தண்ணீரையே பார்த்தார்கள். என்ன அதிசயமோ, தொட்டி முழுக்க நிழல்.

“இது எங்கேருந்துலே வருது?” என்றார் ஆவுடையப்பன்.

“நான் கொண்டுவரல அண்ணாச்சி” என்றான் மூக்காண்டி.

மத்தியானம் சாப்பிடப் போனார்கள். குத்தாலம் மட்டும் மண்டபத்துச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். தொட்டியில் சுத்தமான வெயில். கை கழுவிவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். மறுபடியும் நிழல்.

“அண்ணாச்சி, இது சாதாரண நிழல் இல்ல” என்றான் குத்தாலம். “ஆள் இல்லாதப்ப வரமாட்டேங்குது. ஆள் நிக்கும்போது, கண்ணு முன்னால வருது.”

“திருட்டு நிழல்னா ஆள் இல்லாதப்பல்லா வரணும்?”

“அதாம் அண்ணாச்சி. இது துணிஞ்ச நிழல்.”

நாலு பேரும் வெகு நேரம் ஆலோசித்தார்கள். கடைசியில், நின்றுகொண்டு காவல் காப்பதால்தான் நிழலுக்கு நம்மைத் தெரிந்துவிடுகிறது, பதுங்கியிருந்து பிடிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. தொட்டியைச் சுற்றி நாலு பாயை விரித்துப் படுத்தார்கள். அஞ்சு நிமிஷத்தில் நாலு பேரும் குறட்டை. நிழல் வரவேயில்லை. பாசிக்கு அன்றைக்குத்தான் நல்ல காலம் பிறந்தது.

அடுத்தது சாப்பாட்டு விஷயம். “நாம வெளிய விடுத மூச்சுல இருக்கிற காத்துதான் பாசிக்கு ஆகாரம்னு மேடம் சொன்னாங்க” என்றான் தாணு. மேடம் அதைச் சும்மா விளக்கத்துக்குச் சொன்னார்கள். ஆனால் ஆவுடையப்பன் நெஞ்சில் கை வைத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் ஊருக்குச் சோறு போட்டவர். வந்து உட்கார்ந்த விருந்தாளியை மூணு நாளாகப் பட்டினி போட்டிருக்கிறோமே என்று பதறிப்போனார்.

உடனே முறை போட்டுக்கொண்டு ஊத ஆரம்பித்தார்கள். ஊத ஆரம்பித்ததும் ஒரு பெரிய தர்மசங்கடம் கிளம்பியது. மூச்சை விட்டவன் திருப்பி இழுக்க வேண்டுமே.

“இலைல வச்ச சோத்தை நாமளே திருப்பி எடுக்கிற மாதிரி இருக்கே அண்ணாச்சி” என்றான் மூக்காண்டி.

“அடப் பாவி மக்கா, தொட்டிகிட்ட நின்னு இழுக்காதீங்கலே! வேப்பமரத்தடிக்குப் போயி இழுத்துட்டு வாங்க!”

வேப்பமரம் இருபது எட்டு தள்ளி இருந்தது. ஓடிப்போய் மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தியபடி ஓடிவந்து தொட்டியில் விட்டார்கள். மறுபடி மரத்துக்கு ஓட்டம். தாணுவுக்கு அதிலும் ஒரு நியாயம். ஒரே இடத்தில் விட்டுவிடாமல், தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டே ஊதினான். “முதல் இலைக்காரனுக்கே எல்லாத்தையும் வச்சிட்டா மூலைல இருக்கவன் என்ன பாவம் பண்ணினான்?” என்றான். குத்தாலம் காலையில் கருவாடு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். பாசி சைவமா அசைவமா என்று மேடம் சொல்லாததால் அவனை அன்றைக்கு ஊத விடவில்லை.

மூணாம் நாள் மூக்காண்டி வேப்பமரத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் கண் இருட்டி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் முதலில் கேட்டது, “வச்சிருந்த மூச்சு கீழ சிந்திட்டா அண்ணாச்சி?” என்பதுதான்.

எப்படியோ, இவர்களையும் மீறிப் பாசி வளர்ந்தது. இருபது நாளில் தொட்டி அரைத்த கொத்தமல்லித் துவையல் மாதிரி ஆகிவிட்டது. மேடம் சொன்னது இதுதான்: மெல்லிசுத் துணியில் வடிகட்ட வேண்டும், வெயிலில் காயவைக்க வேண்டும், மேடம் வந்து எண்ணெய் எடுத்துத் தருவார்கள். அவ்வளவுதான். இதில் தவறு செய்ய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் சமையல்காரர் இல்லை.

புது வேட்டி வாங்கிவந்து நாலு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். கீழே நாலு அண்டா. தெளிந்த தண்ணீர் கீழே இறங்கியது. பச்சை விழுது துணியில் நின்றது.

“இப்ப எது எண்ணெய் அண்ணாச்சி?” என்றான் குத்தாலம்.

ஆவுடையப்பன் சிரித்தார். இருபத்தஞ்சு வருஷ அனுபவம் சிரித்த சிரிப்பு அது. “லே, காப்பி வடிகட்டுதோம். எதைக் குடிக்கோம்?”

“டிகாஷன.”

“தேங்காப்பால் பிழியுதோம். பாயசத்துல எதை விடுதோம்?”

“பாலை.”

“துணியில நிக்கிறது?”

“சக்கை!” என்றார்கள் மூணு பேரும்.

“மேடமே சக்கைன்னு ஒண்ணு மிஞ்சும்னு சொன்னாங்கல்லா? தூர எறிங்கலே அதை.”

கோழிக்கூட்டுப் பக்கம் ஒரு கிழிந்த பாய் கிடந்தது. அதன்மேல் விழுதையெல்லாம் வீசி எறிந்தார்கள். தண்ணீர் நிறைந்த நாலு அண்டாவையும் பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் வைத்தார்கள்.

சித்திரை வெயில். தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்தது. “காயுது! காயுது!” என்று நாலு பேருக்கும் ஒரே சந்தோஷம். ஆவுடையப்பன் தினமும் போனில் சொன்னார்: “பிரமு, அரை அண்டா காஞ்சிட்டு.” பிரமு, “சரி, பதனமாப் பாத்துக்கோங்க” என்றாள். அந்தக் குரலில் முன்பிருந்த கோபம் இல்லை. அதைக் கேட்டபின் மனுஷனுக்கு ஒரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை. வெயில் காய்ச்சுவதற்குள் கிழவனாகிவிடுவோம் என்று தோன்றிவிட்டது.

“அடுப்புல ஏத்துலே” என்றார்.

மூக்காண்டி ரெண்டு வண்டி விறகு இறக்கினான். எரிபொருள் எடுக்க ரெண்டு வண்டி எரிபொருள் என்று யோசிக்க அங்கே ஆள் கிடையாது. நாலு அண்டாத் தண்ணீரும் ஒரு பகல் முழுக்கக் கொதித்தது. திரண்டு வரட்டும், திரண்டு வரட்டும் என்று கிண்டினார்கள். சாயங்காலம் எட்டிப் பார்த்தால் அண்டா அடியில் வெள்ளையாக ஒரு உப்புப் பொருக்கு. வேறு ஒன்றும் இல்லை.

“எண்ணெய் எங்கலே?”

மூக்காண்டி அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். “இருக்கும் அண்ணாச்சி. சுத்தம் ஜாஸ்தி. அதான் கண்ணுக்குத் தெரியல.”

ஆவுடையப்பன் ஒரு திரியைக் காலி அண்டாவில் நன்றாகத் துடைத்தெடுத்துப் பற்ற வைத்தார். பஞ்சு குப்பென்று எரிந்தது. “எரியுது!” என்று நாலு பேரும் குதித்தார்கள். குதித்துக் கால் கீழே படுவதற்குள் அணைந்துவிட்டது.

ஆவுடையப்பன் அண்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. “என்னைக்கு நான் ஒரு வேலைய முடிச்சு, என்னைக்கு அவ வரப்போறா? இனி ஐம்பது பேர் ரசத்தத் தனியாக் குடிச்சே நான் செத்துப்போவேம்லே” என்றார். மற்ற மூணு பேரும் கூடவே உட்கார்ந்து அழுதார்கள். அவர்களுக்கும் பிரமு என்றால் உயிர்தான். மதினி கையால் வாங்கிக் குடித்த மோர் கொஞ்சமா?

மறுநாள் எஸ்தர் மேடம் வந்தார்கள். ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மேடம் காலி அண்டாக்களைப் பார்த்தார்கள். அடுப்புச் சாம்பலைப் பார்த்தார்கள். அப்புறம் கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பினவர்கள், “அது என்னது?” என்று கத்தினார்கள்.

கிழிந்த பாயில் பச்சை விழுது வடகம் மாதிரி மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. எட்டுக் கோழிகள் சுற்றி நின்று கொத்திக்கொண்டிருந்தன. எட்டும் நன்றாகக் கொழுத்திருந்தன.

“இத யாரு இவ்வளவு பக்குவமாக் காயவச்சது?”

“காயவைக்கல மேடம். எறிஞ்சோம்.”

“எவ்வளவு அழகா எறிஞ்சிருக்கீங்க அண்ணாச்சி!” என்று மேடம் ஓடினார்கள். கோழிகளை விரட்டி, மிச்சமிருந்ததை ஒரு துணுக்கு விடாமல் பையில் அள்ளிக்கொண்டு கார் ஏறினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மேடம் திரும்ப வந்து ஒரு சின்னக் குப்பியை ஆவுடையப்பன் கையில் வைத்தார்கள். பொன்னும் பச்சையும் கலந்த நிறத்தில் எண்ணெய். “பாதிய உங்க கோழி தின்னுட்டு. சக்கை எங்க மீன் தொட்டிக்குப் போயிட்டு. எண்ணெய் இவ்வளவுதான் தேறிச்சு. ஒரு விளக்குக்குப் போதும்” என்றார்கள். ஆவுடையப்பன் கும்பிடக் கையெடுத்தார். குப்பி கையில் இருந்ததால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

போன் போனது. “நெசமாவா?” என்றாள் பிரமு. ரெண்டு தடவை கேட்டாள். “சாயங்காலம் ஆறரை மணிக்கு அங்க வந்து சேருத பஸ்ஸுல வாரேன்” என்றாள்.

நாலரை மணிக்கே வாசலில் கோலம் போட்டு, விளக்கைத் துலக்கி வைத்து, குப்பி எண்ணெயைச் சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றித் திரி போட்டாயிற்று. அப்போது மூக்காண்டிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“அண்ணாச்சி, இது எரியுமா?”

ஆவுடையப்பன் குனிந்து விளக்கைப் பார்த்தார். ஏற்கெனவே ஒரு தடவை சூடுபட்டவர்தானே. “ருசி பாக்காம என்னைக்காவது சாம்பாரப் பந்திக்கு அனுப்பியிருக்கோமா? ஏத்திப் பாருலே.”

ஏற்றினார்கள். விளக்கு முத்து மாதிரி நின்று எரிந்தது. புகை கிடையாது, நாற்றம் கிடையாது. ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

“சரி, அணைச்சிரலாமா?” என்றான் தாணு.

“பொறு” என்றான் குத்தாலம். “மேலாப்புல உள்ள எண்ணெய் எரியுது. அடியில உள்ளது எரியும்னு என்ன நிச்சயம்? மதினி வந்து நிக்கும்போது பாதியில அணைஞ்சுபோச்சுன்னா?”

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. மேல் சாம்பார் ருசியாக இருந்து அடிச் சாம்பார் காந்திப்போன சரித்திரம் அவர்களுக்குத் தெரியும். நாலு பேரும் விளக்கைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்த்தார்கள். அஞ்சு மணி, அஞ்சரை மணி, விளக்கு அசையவில்லை. அஞ்சே முக்காலுக்குக் கடைசிச் சொட்டும் எரிந்து, திரி ஒரு தடவை கண் சிமிட்டி அணைந்தது.

“அடி வரைக்கும் எரிஞ்சிட்டுலே!” என்று ஆவுடையப்பன் துள்ளினார். நாலு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். சந்தேகத்துக்கு இனி இடமே இல்லை. விளக்கை நடு வாசலில் நேராக வைத்துவிட்டு, ஆவுடையப்பன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

ஆறரைக்கு பஸ் வந்தது. பிரமு பெட்டியோடு தெருவில் நடந்து வந்தாள். வாசலுக்கு முன்னால் நின்றாள். விளக்கைப் பார்த்தாள். ஆவுடையப்பனைப் பார்த்தாள்.

“எரியலையே?”

அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு விஷயம் உறைத்தது. “எரிஞ்சுது பிரமு. எரிஞ்சு முடிஞ்சிட்டு.”

குத்தாலம் அவர் காதில், “உள்ள நல்லெண்ணெய் இருக்கு அண்ணாச்சி, மளார்னு ஊத்திரட்டா?” என்றான்.

“பிரமுகிட்டப் பொய் சொல்லவா? போலே அங்கிட்டு” என்றார் ஆவுடையப்பன். அதைச் சத்தமாகத்தான் சொன்னார்.

பிரமு குனிந்து விளக்கைத் தொட்டுப் பார்த்தாள். கருகின திரியை எடுத்து மோந்து பார்த்தாள். “எப்ப எரிஞ்சுது?”

“நாலரைல இருந்து அஞ்சே முக்கால் வரைக்கும் மதினி. நாங்க சாட்சி” என்றான் தாணு.

“பூராவும் எரிஞ்சுதா? நடுவுல அணையல?”

“கடைசிச் சொட்டு வரைக்கும்” என்றார் ஆவுடையப்பன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரமுவின் கண் கலங்கிவிட்டது. “அப்ப ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ஒரு வேலைய ஒழுங்கா முடிச்சுட்டீங்க. நாந்தான் கூறுகெட்டுப்போயி ஆறரை மணிக்கு வந்து நிக்கேன்.”

“அதனால என்ன பிரமு? உள்ள வா.”

“அது எப்படி? எரியுத விளக்கப் பாத்துட்டுத்தான் கால் வைப்பேன்னு சொன்னது யாரு, நானா நீங்களா? சொன்ன சொல் மாறலாமா?” பிரமு புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். “தாணு, இதுக்கு முந்தி ஒரு பஸ் உண்டுல்லா?”

“உண்டு மதினி. அம்பைல நாலு மணிக்கு எடுப்பான். அஞ்சுக்கெல்லாம் இங்க வந்துரும்.”

“அஞ்சு மணிக்கு விளக்கு எரிஞ்சுகிட்டு இருந்துதா?”

“ஜோரா எரிஞ்சுது!” என்றார்கள் நாலு பேரும்.

“அப்பச் சரி. நான் போயி அந்த பஸ்ஸுல வந்துருதேன்” என்று பிரமு பெட்டியைத் தூக்கினாள்.

ஒருத்தருக்கும் இதில் ஒரு குறையும் தோன்றவில்லை. ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொடுத்த வாக்குக்காக வந்த காலோடு திரும்பிப் போகிறாளே, இப்படி ஒரு பொம்பளை எந்த ஊரில் கிடைப்பாள்! பெட்டியை அவரே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். ஐந்து பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வந்த பஸ் அம்பாசமுத்திரத்துக்குத் திரும்ப உறுமிக்கொண்டு நின்றது. சன்னலோரமாக இடம் பார்த்துப் பிரமுவை உட்கார வைத்தார்கள்.

பஸ் நகர்ந்தது. ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினார். ஓடிக்கொண்டே கத்தினார்:

“பிரமு! நாலு மணி பஸ்ஸ மட்டும் விட்டுராத! அஞ்சே முக்காலுக்கு விளக்கு அணைஞ்சிரும்!”